கிளச்சு சுவிட்சை விலக்குதல்

பாரிவாக்கம், பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கீரையும் காய்கறியும் விடியுமுன் கோயம்பேட்டுச் சந்தையை அடையவேண்டும். பிக்கப் வண்டி ஒரு நாள் கிளம்பாவிடினும் சரக்கு வாடி நஷ்டமாம். அவ்வவசரத்தில் கிளச்சுப் பெடலடியிலுள்ள சுவிட்சின் இரு ஒயர்களையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுவதுண்டு. இது ஆட்சேபிக்கத்தக்கதேயாகும்.

பெடலை முழுதும் மிதித்தாலன்றி ஸ்டார்ட்டர் சுழலாதபடி தடுப்பதே அச்சுவிட்சின் வேலை. சரிவில் வண்டியைக் கியரிலிட்டு நிறுத்துவது வழக்கம்; நல்ல வழக்கமுங்கூட. ஆனால் ஒயரைச் சேர்த்தபின், வெளியில் நின்றபடியே யாரேனும் கைநீட்டிச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டரின் பலத்தாலேயே வண்டி முன்னே பாயும். எஞ்சின் பற்றிக்கொண்டாலோ நில்லாது. எதிரே கூடையுடன் நிற்போர் கதி யாது?

இருப்புப்பாதைக் கடவில் எஞ்சின் அணைந்த வண்டியை ஸ்டார்ட்டராலேயே நகர்த்தலாமே என்பர் சிலர். மெய்யே; ஆயினும் அது அபூர்வம், கூடை ஏற்றுவதோ தினந்தோறும்.

சில வேளை சுவிட்சு கெட்டிருப்பதேயில்லை. அதனை அழுத்தும் சிறு ரப்பர் பெடலினின்று உதிர்ந்திருக்கும். அல்லது ஒயர்முனை கழன்றிருக்கும். மெக்கானிக்கை முதலில் அவற்றையே பார்க்கச் சொல்லவேண்டும். வழியில் ஒயரைச் சேர்த்தே தீரவேண்டி வந்தால், சாவியில் அடையாளச் சீட்டொன்று கட்டி, மறுநாளே புதுச் சுவிட்சு பொருத்துவது உத்தமம்.