பெயரறிந்து பேணுவோம்

பொன்மலைச் சந்தையில் மளிகை வாங்குவோர் பட்டை, இலவங்கத்துடன் சிறிது கல்பாசியும் கேட்டு வாங்குவர். குழம்புக்கு மணமூட்டும் அச்சாம்பல் நிறச் சருகு, பெயரளவிலேயே பாசி. உண்மையில் பூஞ்சையும் பாசியும் கூடிவாழும் லைக்கன். பூஞ்சை உறைவிடம் தருகிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்குகிறது. இவ்வுண்மையைச் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் சுவெண்டனர் 1867இல் எடுத்துரைத்தபோது, லைக்கன் ஆய்வாளர் பலர் ஏற்க மறுத்தனர்.

லைக்கனுக்கு இடப்படும் அறிவியல் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. நிறம், வடிவம், வேதிப்பொருள் ஆகியவற்றைக் கொண்டே நெடுங்காலம் அதனை வகைப்படுத்தினர். ஆயினும் தோற்றம் மயக்கும் இயல்புடையது. அமெரிக்க வெப்பமண்டலத்தில் ஒரே இனமெனக் கருதப்பட்ட லைக்கன் ஒன்றின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அதனுள் 126 இனங்கள் மறைந்திருந்தமை 2014இல் வெளிப்பட்டது. மாறாக, வட அமெரிக்காவில் நிறத்தால் வேறுபட்ட இரு லைக்கன்களில் வாழும் பூஞ்சை ஒன்றே என்பதையும் டி.என்.ஏ. காட்டியது. பலவற்றை ஒன்றென்றும் ஒன்றைப் பலவென்றும் கண் பிழைபடக் கொள்வதை இச்சான்று திருத்துகிறது.

அவ்வாறாயின் பழைய முறைகளைக் கைவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. டி.என்.ஏ. வரிசையைப் படித்தால் மட்டும் இனத்தின் பெயர் தெரிந்துவிடாது. ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிடப்பட்ட மாதிரி வேண்டும். அம்மாதிரிகளைக் காப்பவை உலர்தாவரகங்களே. பொன்மலையை உள்ளடக்கிய திருச்சிராப்பள்ளி மாநகரிலேயே, தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ 1967இல் நிறுவிய இராப்பினாட் உலர்தாவரகம் தாவரங்களுக்கு இப்பணியைச் செய்துவருகிறது. லைக்கன் மாதிரிகளை இலக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் பேணுகிறது. ஆய்வுக்கூடமும் உலர்தாவரகமும் ஒன்றற்கொன்று துணையானவை.

இஃது ஆய்வாளருக்கு மட்டுமே உரிய சிக்கலன்று. கல்பாசி என ஒரே பெயரில் விற்கப்படுவதில் பல இனங்கள் கலந்திருப்பதுண்டு. லைக்கன்களோ மிக மெதுவாக வளர்பவை. பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். காட்டில் சேகரிக்கப்படும் மூட்டையில் அரிய இனம் ஒன்று இருப்பின், அதன் இழப்பை நாம் அறியவும் மாட்டோம். எனவே நம் மலைகளின் லைக்கன்களுக்கு டி.என்.ஏ. சான்றுடன் கூடிய பட்டியல் தேவை. அப்பட்டியலை உருவாக்கப்போகும் தலைமுறை, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உங்கள் தலைமுறையே. பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்திருக்கும் அவ்வுயிரை இன்றே உற்றுநோக்கத் தொடங்குங்கள். பெயரறியாத ஒன்றைக் காத்தல் அரிது.