கிளட்ச் நழுவினால் உடனே ஸ்பிரிங் வாங்கலாமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் சரி, சின்ன ஊரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையானாலும் சரி, பைக்கோடு வரும் இளைஞர்களின் கையில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று, வண்டி நன்றாக ஓடுவதற்கு. இன்னொன்று, வண்டி நன்றாகத் தெரிவதற்கு. முதல் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிப்பது ‘ஹெவி டியூட்டி’ கிளட்ச் ஸ்பிரிங். இரண்டாவதில் குட்டை லீவர், குட்டிக் கண்ணாடி, கலர் போல்ட். இரண்டு பட்டியலிலும் காசு வீணாகும் இடங்கள் உண்டு. ஆபத்து வரும் இடங்களும் உண்டு.

முதலில் கிளட்ச். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கிறது. உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்கை பிரஷர் பிளேட் அழுத்துகிறது. பிரஷர் பிளேட்டை அழுத்துபவை நான்கு முதல் ஆறு ஸ்பிரிங்குகள். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும், விட்டால் மறுபடி இறுகும். அழுத்தம் போதவில்லை என்றால் தகடுகள் நழுவும். டாப் கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் வண்டி திணறும்.

“அண்ணே, கிளட்ச் நழுவுது. நல்லா டைட்டான ஸ்பிரிங்கா போட்டு விடுங்க” என்பார் வண்டிக்காரர். “இருப்பா தம்பி, கேபிளைப் பார்ப்போம்” என்று சொல்பவர்தான் நல்ல மெக்கானிக்.

காரணம் இருக்கிறது. கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும் என்பது பல பைக்குகளின் கணக்கு. கேபிளை அதற்கும் மேல் இறுக்கி வைத்தால், லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி விலகியே நிற்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.

அடுத்தது ஆயில். கார் இன்ஜினுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். பைக் கிளட்சுக்கு உராய்வுதான் உயிர். அதனால், டின்னில் ‘ஜாஸோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘எம்.பி.’ என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கான ஆயில்.

கேபிளும் ஆயிலும் சரி என்றால்தான் கிளட்ச்சைப் பிரிக்க வேண்டும். தகடுகளின் கனத்தையும், ஸ்பிரிங்கைக் கழற்றி வெளியே வைத்து அதன் நீளத்தையும் வெர்னியரால் அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாயும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவை சிறியவை, அழுத்தித் திருகினால் முறிந்துவிடும். புதிய உராய்வுத் தகடுகள் போட்டால், முன்னதாக இன்ஜின் ஆயிலில் ஊற வைக்க வேண்டும்.

கடினமான ஸ்பிரிங் யாருக்குத் தேவை? போர் பெரிதாக்கி, இன்ஜின் சக்தியைக் கூட்டியவர்களுக்கு. கம்பெனி இன்ஜின் அப்படியே இருக்கும் வண்டிக்கு, கம்பெனி ஸ்பிரிங்கே போதுமான அளவில்தான் வருகிறது. தேய்ந்த தகட்டின் மேல் கடின ஸ்பிரிங்கைப் போட்டால் கொஞ்ச நாள் நழுவாது. ஆனால், தகடு தொடர்ந்து தேயும், அந்தத் தூளும் இன்ஜின் ஆயிலில்தான் கலக்கும். போதாததற்கு, சிக்னலுக்குச் சிக்னல் லீவரைப் பிடிக்கும் இடது கை வலிக்கும், கேபிளும் சீக்கிரம் பிய்யும். யமஹா ஆர்15 வெர்ஷன் 3 போல ‘அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர்’ கிளட்ச் உள்ள வண்டிகளில் லீவர் மென்மையாக இருப்பதே மென்மையான ஸ்பிரிங்கால்தான். அதில் கடின ஸ்பிரிங் போட்டால், காசு கொடுத்து வாங்கிய வசதியைக் காசு கொடுத்தே கெடுத்ததாகிவிடும்.

இங்கேதான் அலங்காரப் பட்டியலும் வந்து சேர்கிறது. குட்டை லீவர் பார்க்க அழகு. ஆனால், லீவர் குட்டையானால் அழுத்த வேண்டிய பலம் கூடும். கடின ஸ்பிரிங்கும் சேர்ந்தால் விரல்கள் பாவம். பிரேக் பக்கம் மலிவான லீவரைப் போட்டு, அவசரத்தில் அது முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிக்கர், டேங்க் பேட், சீட் கவர், கிரிப் ஆகியவற்றில் ஆசைப்பட்டதைச் செய்யலாம். கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சைலன்சர் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ‘ஸ்போர்ட்டி லுக்’குக்காகப் பலர் முதலில் கழற்றி எறியும் சேலை கார்டு. அது கம்பெனிக்காரர்கள் போகிறபோக்கில் மாட்டிவிட்ட கம்பி அல்ல. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 கூறுகிறது. கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் அதே விதியில்தான் வருகின்றன. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்ற ஒரு நொடி போதும். வாரம் முழுக்க ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டியில்தான், வெள்ளிக்கிழமை அம்மாவோ மனைவியோ தங்கையோ கோயிலுக்கு ஏறி உட்காருகிறார்கள்.

ஆகவே, கழற்றிய சேலை கார்டு வீட்டு மூலையில் கிடந்தால் முதல் செலவு அதை மாட்டுவதற்கு. அடுத்த செலவு, முத்திரை பார்த்து வாங்கும் ஆயிலுக்கும் ஒரு புது கேபிளுக்கும். ஸ்பிரிங் வாங்குவதா வேண்டாமா என்பதை, அளந்து பார்த்த பிறகு மெக்கானிக்கின் வெர்னியர் சொல்லட்டும். மிச்சப்படும் பணத்தில் பின்னால் உட்காருபவருக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கலாம். விருப்பமான கலரிலேயே கிடைக்கிறது.