2,000 ரூபாய்க்குள் புது முகம்... வாடகை வீட்டு வாசலை மாற்றிய பீடிங்கும் பெயின்ட்டும்!

வீட்டுக்குள் எவ்வளவுதான் பெருக்கித் துடைத்து வைத்தாலும், அளவு பிளவுஸைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் முதலில் பார்ப்பது வாசலைத்தான். திருச்சி உறையூரில், ஒரு மாடி வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருந்தபடி தையல் தொழில் செய்யும் பெண்ணுக்கு இது நன்றாகவே தெரியும். கதவில் செதில் செதிலாக உரியும் பழைய காபி கலர் பெயின்ட், நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, காலிங்பெல்லைச் சுற்றிக் கறுத்துப்போன கை அழுக்கு. "இங்கயா தைக்கக் குடுக்கப்போறோம்?" என்று ஒரு வாடிக்கையாளரின் மகள் அம்மாவின் காதைக் கடித்தது இவர் காதிலும் விழுந்துவிட்டது. ஒரு பட்டு பிளவுஸுக்கான ஆரி வேலை ஆர்டர் அது. திரும்பி வரவில்லை.

பெயின்டரைக் கூப்பிட்டால் கூலியே பட்ஜெட்டைத் தின்றுவிடும். அதனால், வாரத்துக்கு 500 ரூபாய் எடுத்துவைத்து, ஒரு மாதத்தில் 2,000 ரூபாய் சேர்த்தார். மாசி மாத வெயிலில், ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வீதம் 4 நாள்களில் கணவரும் அவருமாக வேலையை முடித்தார்கள். ஆனால், பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்பே 2 பேரைச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஒருவர் மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளர். இன்னொருவர் மாமியார்.

அட்வான்ஸில் கைவைக்கும் 'பெயின்டிங் சார்ஜ்'

வாடகை வீட்டில் நம் காசைப் போட்டுப் பெயின்ட் அடித்துவிட்டு, காலி செய்யும்போது 'பெயின்டிங் சார்ஜ்' என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? பல ஊர்களில் நடப்பது இதுதான். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையோ, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவைதான் குடியிருப்பவர் தலையில். இது தெரிந்திருந்தால் பேசும்போது குரல் கொஞ்சம் தெளிவாக வரும்.

சட்டத்தைக் காட்டிச் சண்டைக்கு நிற்பதில் இவருக்கு விருப்பமில்லை. மாடிக்குப் போய், "நாங்களே வாசலைச் சரி பண்ணிக்கிறோம்மா. காலி பண்றப்போ இந்தக் கதவுக்கும் சுவருக்கும் பெயின்ட் காசு பிடிக்காம இருந்தா போதும்" என்றார். உரிமையாளர் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, கண்ணைப் பறிக்கும் நிறம் கூடாது. கீழே வந்ததும், பேசியதை அப்படியே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று ஒரு பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டார். வேலைக்கு முன்பே கதவையும் சுவரையும் போட்டோ எடுத்தும் வைத்தார். வாடகைதாரர்கள் எல்லோரும் செய்யவேண்டிய காரியம் இது.

மாமியாரின் கவலை வேறு. பீடிங் அடிக்கப்போகிறார்கள் என்றதும், "மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலைம்மா. அதுல போய் சுத்தியலால அடிக்கிறதா?" என்றார். "ஏம்மா, அதே நிலைப்படியில லாடம் அடிச்சிருக்கே, அது மட்டும் என்னவாம்?" என்று மகன் கேட்டதற்கு, "அது லாடம்" என்று பதில் வந்தது. அதோடு அந்த வாதம் முடிந்தது. ஆணியில்லாமல் பசையால் ஒட்டுவது என்று முடிவானது.

முதலில் தட்டிப் பாருங்கள்

பீடிங் என்பது நிலையும் சுவரும் சேரும் இடத்தை மறைக்கும் பட்டை. சுவர்ப்பூச்சு ஒரு பொருள், மரம் வேறொரு பொருள். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். சுவர்ப்பூச்சு அப்படி அசைந்துகொடுக்காது. அதனால், எவ்வளவு நன்றாகக் கட்டிய வீட்டிலும் நிலையை ஒட்டி ஒரு கோடு விரிசல் விடும். சிமென்ட் வைத்துப் பூசினாலும் அடுத்த வருடம் திரும்ப வரும். அதை மறைக்கத்தான் பீடிங்.

விரிசலை மறைக்கலாம், கரையானை மறைக்கக் கூடாது. நிலையின் கீழ்ப்பகுதியை, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். 'டக் டக்' என்று கேட்டால் நல்லது. 'பொத் பொத்' என்று உள்ளே காலியாகக் கேட்டாலோ, சுவரோரம் மெல்லிய மண்கோடு ஏறியிருந்தாலோ, பீடிங் கடைக்குப் போகாமல் கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுவதுதான் சரி. ஓதம் ஏறிய சுவரும் அப்படித்தான். ஈரத்தை நிறுத்தாமல் மேலே பெயின்ட் அடித்தால், ஆறு மாதத்தில் கொப்பளித்துக்கொண்டு காசோடு உரிந்து விழும். உறையூர் வீட்டு நிலைக்கு அந்தப் பிரச்னை இல்லை. கால்கள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் மரம் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. தினமும் வாசல் கழுவும் தண்ணீர், மரத்தின் வெட்டுமுனை வழியாக உறிஞ்சப்பட்டதன் பலன். நன்றாகக் காயவைத்து, அந்த முனைக்கு பிரைமரை இரண்டு முறை ஊறவிட்டார்கள். கதவின் அடிவிளிம்பும் இப்படித்தான் ஊறும். பெயின்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அது. யாரும் பார்க்காத இடமாயிற்றே!

கணக்கு இவ்வளவுதான்

நிலையின் உயரம் 7 அடி, அகலம் மூன்றரை அடி. இரண்டு பக்கமும் மேலேயும் சேர்த்தால் பதினேழரை அடி. மூலை வெட்டில் வீணாவதற்கும் சேர்த்து 20 அடி பீடிங். மர பீடிங்கா, பிவிசி பீடிங்கா என்று கேட்டால், சாரல் நேராக அடிக்கும் வாசலுக்கு பிவிசி போதும். கரையானும் தொடாது. போர்டிகோவுக்குள் இருக்கும் வாசலுக்கு மரமே அழகு. இவர் வாங்கியது ஒன்றரை அங்குல அகல மர பீடிங். மூலையில் 45 டிகிரியில் வெட்டினால்தான் இரண்டு பட்டைகளும் இடைவெளி இல்லாமல் சேரும். வீட்டில் ரம்பத்தை வைத்துக்கொண்டு அல்லாடாமல், அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, கடையிலேயே வெட்டி வாங்கிவிட்டார்.

கதவின் வெளிப்பக்கமும் நிலையும் சேர்த்து 40 சதுர அடிக்குள் அடங்கும். இரண்டு கோட்டிங் என்றால் 80. ஒரு லிட்டர் எனாமல், ஒரு கோட்டிங்குக்குத் தோராயமாக 90 முதல் 100 சதுர அடி வரை வரும். ஆக, ஒரு லிட்டர் டப்பா ஒன்று தாராளம். பளபளக்கும் கிளாஸ் எனாமல் பழைய கதவின் மேடு பள்ளத்தை எல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டும் என்பதால் சாட்டின் ரகம்.

பீடிங் 500, எனாமல் 400, மர பிரைமர் அரை லிட்டர் 150, சுவருக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர் 350, டர்பன்டைன் 80, வெட்டுக்கூலி 50. பசை, வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், பட்டி, 2 அங்குல பிரஷ் எல்லாம் சேர்த்து 350. மொத்தம் 1,880 ரூபாய். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதவு நல்ல தேக்காக இருந்தால் அதன் மேல் எனாமல் அடிப்பது பாவம். பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளிப்புறத்துக்கான பாலிஷ் போடுவதே மரியாதை. இவர் வீட்டுக் கதவு ஏற்கெனவே நான்கு முறை பெயின்ட் கண்ட சாதாரண மரம். கவலையில்லை.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது...

இந்த இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது ஈயம்.

அதனால், தேய்க்கும் அன்று 3 வயது மகளைப் பாட்டியோடு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார்கள். துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, ஷீட்டைச் சுருட்டி வெளியேற்றினார்கள். முகத்தில் மாஸ்க். கர்ப்பிணிகள் இந்த வேலைப் பக்கமே வரக் கூடாது. தீ காட்டிப் பழைய பெயின்ட்டை உரிப்பதும் வேண்டாம், புகையாக மூக்கில் ஏறும். முழுவதையும் உரிக்க வேண்டிய அவசியமில்லை. செதில் விடும் இடத்தைச் சுரண்டி, மற்ற இடத்தில் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும்.

பிறகு விரிசலில் பட்டி. பீடிங் உட்காரும் இடத்தில் மட்டும் பழைய பெயின்ட்டை மரம் தெரியும்வரை எடுத்தார்கள். இல்லாவிட்டால் பசை பிடிப்பது மரத்தை அல்ல, உரியக் காத்திருக்கும் பெயின்ட்டை. ஒட்டிய பீடிங்கை மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டி ஒரு நாள் விட்டார்கள். மறுநாள் பிரைமர், அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு கோட்டிங்.

கதவு சாத்த வேண்டுமே!

ரூம் கதவு என்றால் காயும்வரை திறந்தே வைக்கலாம். வாசல் கதவை ராத்திரி பூட்டித்தானே ஆக வேண்டும்? ஈர எனாமலோடு சாத்தினால் கதவும் நிலையும் ஒட்டிக்கொள்ளும். காலையில் இழுத்துத் திறக்கும்போது பெயின்ட் பட்டையாகப் பிய்ந்து வரும். முதல் கோட்டிங்கில் இவர்களுக்கு அதுதான் நடந்தது. நிலையின் உள்விளிம்பைச் சாயங்காலம் 5 மணிக்கு அடித்ததன் விளைவு. மறுநாள் அந்த ஓரத்தைத் திரும்பத் தேய்த்து, காலை 9 மணிக்கே விளிம்புகளை முடித்து, இரவில் கதவிடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் செருகிச் சாத்தினார்கள். பனி இறங்கும் நேரத்தில் அடித்தால் எனாமல் மங்கிவிடும் என்பதால், மதியம் 3 மணிக்கு மேல் பிரஷ்ஷைத் தொடாமல் இருப்பது இன்னும் நல்லது.

கதவு கரும்பச்சை, பீடிங் வெண்ணெய் நிறம். சுவரில் கறுத்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். எனவே வாசல் பக்கச் சின்னச் சுவர் முழுவதையும் மூலையிலிருந்து மூலைவரை அடித்தார்கள். ஈபி மீட்டரை மட்டும் பேப்பர் சுற்றித் தப்பவைத்தார்கள். பீடிங்குக்குக்கூடக் காசில்லாதவர்கள், நிலையைச் சுற்றிச் சுவரில் 4 அங்குல அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, பட்டையாக வேறு நிறம் அடித்தாலே பாதி அழகு வந்துவிடும். டேப்பை மட்டும் பெயின்ட் முழுதாகக் காய்வதற்கு முன்பே உரித்துவிட வேண்டும்.

நிலைப்படிக்கு மஞ்சள் பூச மாமியார் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். "ஈரப் பெயின்ட்ல மஞ்சள் பட்டா கறை போகாது அத்தை" என்று மருமகள் சொன்னதை, இரண்டாவது வெள்ளிக்கிழமைவரை வாசலில் நின்று அவரே காவல் காத்தார்.

டப்பாவின் அடியில் கொஞ்சம் எனாமல் மிச்சம். கைப்பிடியருகே தேயும்போது தொட்டு அடிக்க உதவும் என்று இறுக்க மூடி, மூடியின் மேல் நிற எண்ணையும் தேதியையும் எழுதிப் பரணில் வைத்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த உரிமையாளர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணைத்தான் கேட்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.