யார் ஆண்டாலும் பூட்டு ஒன்றே!



ஆலங்குளத்திற்குக் கிழக்கே நெல்லை. ஆங்கே 1908 மார்ச்சு 12-இல் வ.உ.சிதம்பரனார் தளைப்படுத்தப்பட்டார். மறுநாள் ஊரே கிளர்ந்தெழ, காவற்படையின் சூட்டில் நால்வர் மாண்டனர். அப் பெருமகனார்க்கு அரசிரண்டகக் குற்றஞ் சாட்டி, நாற்பதாண்டு ஒறுப்பு வழங்கினான் வெள்ளையன். அது பின்னரே குறைக்கப்பட்டது. தாம் பேசியதும், பேசிய சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதுமே அவர்மேல் சாட்டப்பெற்ற குற்றங்கள்!

1947-இல் வெள்ளையன் போனான். அவன் பூட்டுப் போயிற்றா? அரசிரண்டகப் பிரிவை உச்ச வழக்குமன்றம் நிறுத்திவைத்ததே 2022-இல்தான். 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டத்தில் அது 152-ஆம் பிரிவாய் வேறு உடை உடுத்து வந்துள்ளது. உசாவலின்றிச் சிறையிலிடும் தடுப்புக்காவலையோ அரசியற்சட்டத்தின் 22-ஆம் பிரிவே ஒப்புகின்றது. போர்க்காலத்திற்கு மட்டுமன்று, எக்காலத்திற்கும்!

நெருக்கடிநிலையின்போது, 1976 ஏப்பிரல் 28-இல், சிறைப்பட்டவர் வழக்குமன்றக் கதவைத் தட்டவும் உரிமையில்லை என்றனர் நடுவர் நால்வர். மறுத்தவர் எச்.ஆர்.கன்னா ஒருவரே. அடுத்த ஆண்டு அவர்க்கு வரவேண்டிய தலைமை நடுவர் பதவி இளையவர்க்குப் போயிற்று. அத் தீர்ப்புத் தவறென்று உச்ச வழக்குமன்றமே ஒப்புக்கொள்ள 2017 வரை ஆயிற்று.

தில்லியை மட்டும் பழித்துப் பயனில்லை. 1982-இல் நம் தமிழ்நாட்டரசு இயற்றிய குண்டர் தடுப்புச் சட்டம், ஓராண்டு வரை உசாவலின்றி ஒருவரை அடைத்துவைக்க இடந்தருகின்றது. மாறிமாறி ஆண்ட இரு கட்சியாரும் அதனை நீக்கினரல்லர். "தீயோரை அடக்கவன்றோ?" என்பர். தீயோரென்றால் மன்றத்தில் மெய்ப்பித்து ஒறுக்கட்டும். மெய்ப்பிக்க இயலாதவரை எங்ஙனம் தீயோரென்பது?

உரிமைக்கு உறைவிடமெனப்படும் அமெரிக்காவும் இதற்கு விலக்கன்று. 1791-இல் பேச்சுரிமையை அரசியற்சட்டத்தில் பொறித்த அந்நாடே, ஏழாண்டில் அரசைத் தாக்கி எழுதுவோரைச் சிறையிலிடச் சட்டஞ் செய்தது. அதன்படி சிறையுண்ட மன்ற உறுப்பினர் மத்தேயு இலயனை மக்கள் சிறையிலிருக்கும்போதே மீண்டுந் தேர்ந்தெடுத்தனர். 1801-இல் அச் சட்டம் மடிந்தது. 1942-இலோ சப்பானியக் குருதியரென்ற ஒரே கரணியத்தால் ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலிக்குள் அடைத்தனர். மன்னிப்புக் கேட்டது 1988-இல்!

இவற்றால் அறிவதென்ன? ஆள்வோர் நல்லவராயின் போதுமென்று நம்பியிருத்தல் பேதைமை. நல்லவன் கைக்கென்று செய்த பூட்டு, நாளை தீயவன் கையிலும் இருக்கும். நம் உழவன் இதனை அறிவான். பயிர்க்கு முள்வேலி வேண்டும்; ஆயின் வேலியும் வளரும், வயலுள் புகும். ஆண்டுதோறும் அதனைக் கழித்துவிடாதவனுக்கு விளைச்சல் இல்லை.

அரசென்னும் வேலியைக் கழிக்கும் அரிவாள் மக்கள் கையில் உள்ளது. எந்தக் கட்சியார் வாயிலில் வந்து நின்றாலும் முதலில் இதனைக் கேளுங்கள்: "உசாவலின்றி அடைக்கும் சட்டத்தை நீக்குவீரா?"

விடை கேட்டபின் முடிவு செய்க!