புல்மோட்டை மண்ணில் ரொக்கெட் செய்கிறார்களாம்!



நேற்றிரவு ஒரே பதிவு ஐந்து குழுக்களில் வந்து விழுந்தது. "நம்மட புல்மோட்டை மண்ணில வெளிநாட்டுக்காரன் ரொக்கெட் செய்றான்" என்று. பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். ஆக, குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. எழுதத்தான் வேண்டும்.

அந்தக் கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். உலகில் தோண்டும் தைத்தேனியக் கனியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாவதே இல்லை, ரொக்கெட்டுக்கு எங்கே போவது? அது வெள்ளைத் தூளாகிறது. ஆம், கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளை! வீட்டுச் சுவருக்கு அடித்த பெயின்ட், காலையில் பிதுக்கிய பற்பசை, மாத்திரையின் மேற்பூச்சு, பிளாஸ்டிக் கதிரை எல்லாவற்றிலும் அதுதான். அதே மணலிலுள்ள ரூட்டைல் வெல்டிங் கூரின் பூச்சுக்குப் போகிறது. சேர்கோன் குளியலறை டைல்ஸை வெள்ளையாக்குகிறது. தரம் 10 வகுப்பில் பற்பசை ஏன் வெள்ளை என்று கேட்டேன். "பால் போடுறாங்க சேர்" என்றான் ஒருவன். பிழை அவனுடையதல்ல.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவானது. என் வாப்பாவின் காலம். மணலை அள்ளு, கழுவு, காந்தத்தால் பிரி, கப்பலேற்று: இன்றும் பிரதான தொழில் இதுதான். யுத்தத்தில் முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1997இல் இல்மனைட் ஏற்ற வந்த கப்பலையே தாக்கினார்கள். 2009க்குப் பிறகு என்ன சாட்டு?

"நாளைக்கே ஃபெக்டரி கட்டு" என்று கீழே எழுதும் வீரர்களே, கொஞ்சம் பொறுங்கள். இல்மனைட்டை வெள்ளையாக்கும் பழைய முறைக்குச் சல்பூரிக்கமிலம் வேண்டும். மிஞ்சும் அமிலக் கழிவை எங்கே கொட்டுவீர்கள்? கொக்கிளாய்க் களப்பிலா? அதில் வலை வீசுகிறவன் யாரிடம் போய் அழுவான்? சேர்கோனை மாவாக அரைப்பதற்கு அமிலம் தேவையில்லை. நல்ல ஆலை, தூசு வெளியேறாத ஏற்பாடு, தரம் பார்க்க ஓர் ஆய்வுகூடம் போதும். அங்கிருந்து தொடங்கு என்று கேளுங்கள், நியாயம் இருக்கும்.

இனி யாராவது ரொக்கெட் பதிவை அனுப்பினால் இரண்டே இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒரு தொன் இல்மனைட் என்ன விலைக்குப் போனது? ஒரு தொன் வெள்ளைத் தூள் என்ன விலைக்கு உள்ளே வந்தது? இரண்டையும் எழுதி ஒரு பதிவு போடுங்கள், முதலில் பகிர்பவன் நானாக இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.