களையெடுக்கும் என்ஜினுக்குக் காஸ் கட்டலாமா?

சென்ற ஆவணியில் கோபி பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்கு வாடல் நோய் பார்க்கப் போயிருந்தேன். நோயைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வரப்போரம் நின்ற பவர் வீடர் கண்ணில் பட்டது. அதன் கைப்பிடிச் சட்டத்தில் பழைய மாட்டுக்கயிற்றால் ஒரு சிவப்புச் சிலிண்டரைக் கட்டியிருந்தார்கள். சமையல் கட்டில் இருக்க வேண்டிய 14.2 கிலோ சிலிண்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நேராக என்ஜினின் காற்று வடிகட்டிக்குள் போயிற்று.

தோட்டக்காரர் முப்பது வயது இளைஞர். "பெட்ரோல் கட்டுப்படியாகறதில்லீங்க ஐயா. மெக்கானிக் ஒருத்தர் மாட்டிக் குடுத்தாருங்க. நல்லாத்தான் ஓடுது" என்றார்.

"என்ஜின் நின்னா காஸ் தானா நிக்குமா தம்பி?" என்று கேட்டேன்.

"கையில திருகித்தான் நிறுத்தோணுங்க."

"வீட்ல அடுப்பு?"

"வெறகுதானுங்க இப்போதைக்கு" என்று சிரித்தார். பிறகு, கிணற்று மேடையில் இருக்கும் அண்ணனுடைய ஆயில் என்ஜினுக்கும் இதே மாதிரி செய்யலாமென்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார், செய்யலாமா என்று கேட்டார்.

அங்கே வரப்பில் நின்றபடியே கொஞ்சம் சொன்னேன். இப்போது பல ஊர்களிலிருந்தும் இதே கேள்வி வருவதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீசல் என்ஜினுக்குக் காஸ் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் என்ஜின் காஸில் ஓடும். ஆனால் நகரும் கருவியில் சமையல் சிலிண்டரைக் கட்டி ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். சிறு விவசாயிக்கு அதில் நியாயமாகக் கிடைக்கும் லாபமும் அவர் நினைக்கிற அளவு இல்லை.

காஸில் என்ஜின் ஓடுவது புதுமை அல்ல. அமெரிக்காவில் மினியாபொலிஸ் மோலின் என்ற கம்பெனி 1941ஆம் ஆண்டிலேயே புரோபேன் காஸில் ஓடும் டிராக்டரைத் தொழிற்சாலையிலிருந்தே செய்து விற்றது. 1950களில் எண்ணெய் வயல்கள் நிறைந்த டெக்ஸாஸ், ஒக்லஹோமா போன்ற மாநிலங்களில் இத்தகைய டிராக்டர்கள் நிறையவே ஓடின. அங்கே பண்ணை வீட்டில் குளிர் காய்வதற்கும் தானியம் உலர்த்துவதற்கும் பெரிய காஸ் தொட்டி ஏற்கெனவே இருந்தது. டிராக்டரிலும் அதற்கென்றே செய்த தொட்டி பொருத்தியிருந்தது. அப்படியிருந்தும் பிற்பாடு டீசல் டிராக்டர்தான் அங்கே வென்றது. காரணம், ஒரே அளவு எரிபொருளில் டீசல் என்ஜின் அதிக வேலை செய்கிறது.

நம் சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் கலந்து உள்ளே போய், ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியில் எரிகின்றன. பெட்ரோலுக்குப் பதில் காஸ் போனாலும் தீப்பொறி பற்றவைத்துவிடும். சொல்லப்போனால் காஸில் கரி குறைவு, ஆயில் சீக்கிரம் கறுக்காது. சக்தி மட்டும் சற்றுக் குறையும். அந்த மெக்கானிக் சொன்னதில் இந்த மட்டும் பொய் இல்லை.

டீசல் என்ஜின் சங்கதி வேறு. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. டீசல் ஏறத்தாழ 250 டிகிரிச் சூட்டில் தானாகப் பற்றும். காஸுக்கு 400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே காஸை மட்டும் விட்டால் டீசல் என்ஜின் ஓடாது. கொஞ்சம் டீசலும் கொஞ்சம் காஸுமாகவே ஓட்ட வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் காஸ் அளவு மீறினால் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னும் பின்னுமாக வெடித்து எரியும். என்ஜின் சுத்தியலால் தட்டுவது போல் 'டக் டக்' என்று தட்டும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். முழுக்கக் காஸுக்கே மாற்ற வேண்டுமானால் பிஸ்டன், ஹெட் எல்லாவற்றையும் மாற்றி ஸ்பார்க் பிளக்கும் வைக்க வேண்டும். அது பட்டறை வேலை அல்ல, தொழிற்சாலை வேலை. 2021 பிப்ரவரியில் டெல்லியில் மாற்றியமைத்த டிராக்டர் ஒன்றை மத்திய அமைச்சர் அறிமுகப்படுத்தியதைப் பலர் என்னிடம் உதாரணம் காட்டுகிறார்கள். அது சி.என்.ஜி. எனப்படும் மீத்தேன் வாயுவில் ஓடுவது. சமையல் காஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி ஆபத்தைப் பார்ப்போம். சாண எரிவாயு கசிந்தால் மேலே போய்விடும். சமையல் காஸ் அப்படியல்ல. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீர் போலத் தரையோடு ஓடி, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். நம் தோட்டத்தில் பெரிய பள்ளம் எது? கிணறு. காற்று வீசாத இறங்கு கிணற்றின் மேடையில் என்ஜினையும் சிலிண்டரையும் வைத்தால், கசிந்த காஸ் அங்கேயே குளம் கட்டி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். என்ஜினைக் கிளப்புகிற ஒரு பொறி போதும். கிணற்றுக்குள் நிற்பவர் ஓடுவதற்கு வழி ஏது? படியேறித்தான் வர வேண்டும். இதனால்தான் அண்ணன் என்ஜினுக்கு வேண்டாமென்று அந்தத் தம்பியிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். டீசல் வாசமும் புகையும் நிறைந்த இடத்தில் காஸுக்கென்று சேர்த்திருக்கும் நாற்றத்தை மூக்கு தவறவிடவும் கூடும்.

வயலில் ஓடும் வீடருக்கு வேறு விதமான ஆபத்து. சமையல் சிலிண்டர் நிமிர்ந்து நிற்பதற்கென்றே செய்தது. அடியில் திரவம், மேலே ஆவி. நாம் எடுப்பது மேலே இருக்கும் ஆவியை. வீடர் பாத்தியில் குதித்துக் குலுங்கிப் போகும்போது சிலிண்டர் சாய்ந்தால் வால்வு வழியாகத் திரவமே வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் ஆவியாக விரியும். அடுப்புக்கென்று செய்த ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் அதைத் தாங்குவதற்கு இல்லை. பக்கத்திலேயே புகைக்குழாய் பழுக்கக் காய்ந்து நிற்கிறது. காஸ் வாடகைக் கார்களில் ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடுகிறது. அதற்கான தொட்டி வேறு, வால்வு வேறு. திரவத்தை என்ஜினின் வெந்நீரால் சூடாக்கி ஆவியாக்கும் பாகமும் உண்டு. காற்றில் குளிரும் வீடர் என்ஜினில் வெந்நீர் எங்கே இருக்கிறது? ஆவியை வேகமாக உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து மேலே பனி பூப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அப்போது அழுத்தம் குறைந்து என்ஜின் திணறும். உடனே சிலிண்டரை வெயிலில் வைக்கிறார்கள், வெந்நீர் ஊற்றுகிறார்கள். ஒருவர் படுக்க வைத்தே ஓட்டியதாகக் கூடச் சொன்னார். கேட்கவே பயமாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை நான் முதலில் கேட்ட கேள்வியில் இருக்கிறது. முறையாகச் செய்த காஸ் கருவியில், என்ஜின் உறிஞ்சினால் மட்டுமே திறக்கும் ரெகுலேட்டர் ஒன்று இருக்கும். என்ஜின் நின்ற மறுகணம் அது மூடிக்கொள்ளும். பட்டறையில் மாட்டித் தரும் ரப்பர் குழாய்க்கு அந்த அறிவு கிடையாது. கல்லில் மோதி என்ஜின் நின்றாலும் காஸ் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். விலை அடிக்கடி மாறும். ஆகவே கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காஸில் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் 7,700. அதாவது கடைகளுக்குத் தரும் 19 கிலோ சிலிண்டர் ஒன்று சுமார் 27 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அதன் விலை 1,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 70 ரூபாய் விழுகிறது. பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 30 ரூபாய் மிச்சம். நல்ல மிச்சம்தான். ஆனால் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் வருடத்தில் எத்தனை மணி நேரம் வீடர் ஓட்டுவார்? 80 மணி என்று வையுங்கள். மணிக்கு ஒரு லிட்டர் என்றால் வருடத்துக்கு 2,400 ரூபாய் மிச்சமாகும். இதிலிருந்து ரெகுலேட்டர், குழாய், கலக்கும் பாகம், சிலிண்டர் டெபாசிட் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். வாடகைக்கு ஊரெல்லாம் ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் கணக்குச் சரிப்படலாம்.

டீசலோடு ஒப்பிட்டால் அந்த மிச்சமும் இல்லை. ஒரு லிட்டர் டீசலில் 8,600 கிலோ கலோரி. டீசல் என்ஜின் அதில் நூற்றுக்கு முப்பது பங்கை வேலையாக்கும். தீப்பொறி என்ஜினோ இருபது, இருபத்தைந்து பங்கைத்தான் ஆக்கும். ஆக ஒரு கிலோ காஸ் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலையையே செய்கிறது. 19 கிலோ சிலிண்டர் 1,900 ரூபாய் என்றால் கிலோ 100 ரூபாய். டீசலைவிட இதில் என்ன மலிவு?

மலிவாகத் தெரிவதெல்லாம் வீட்டுச் சிலிண்டரை எடுத்துக் கட்டும்போதுதான். அது வீட்டு அடுப்புக்கென்று குறைந்த விலையில் தருவது. வேறு வேலைக்கு எடுத்தால் 2000ஆம் ஆண்டுச் சமையல் எரிவாயு விநியோக ஆணைப்படி குற்றம். அதிகாரி வந்தால் சிலிண்டர் பறிமுதல், வழக்கும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேட்டு நிற்கவும் முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தம்பியின் வீட்டம்மா விறகடுப்பில் புகை ஊதிக்கொண்டிருந்தார்களே, அந்தச் செலவை அவர் தம் கணக்கில் எழுதவில்லை.

சாண எரிவாயுவை டீசல் என்ஜினுக்குப் பயன்படுத்தலாமே என்று சில அன்பர்கள் எழுதியிருந்தார்கள். தாராளமாகச் செய்யலாம். மீத்தேன் வாயு டீசல் என்ஜினின் நெருக்கத்தைத் தாங்கும், டீசலில் பெரும் பகுதியை மிச்சப்படுத்தும். ஆனால் 5 குதிரை சக்தி என்ஜினை ஒரு மணி நேரம் ஓட்ட இரண்டு கன மீட்டருக்கு மேல் வாயு வேண்டும். அதற்கு ஐந்தாறு மாடுகளின் ஒரு நாள் சாணம் தேவை. நாள்தோறும் மூன்று மணி நேரம் இறைக்க வேண்டுமானால் பதினைந்து மாடுகளுக்கு மேல் கட்ட வேண்டும். பால் பண்ணை வைத்திருப்பவருக்கு நல்லது. இரண்டு மாடு வைத்திருப்பவர் அந்த வாயுவில் சமைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்களைப் போன்றவர்கள் மேலும் குறை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வது எளிது. விவசாயி பட்டறைக்குப் போவது விளையாட்டுக்கல்ல, கட்டுப்படியாகாமல்தான். காருக்கும் ஆட்டோவுக்கும் சோதித்து அங்கீகரித்த காஸ் கருவிகள் இருக்கின்றன. அதே போல் ஒரே இடத்தில் நிற்கும் சிறிய பெட்ரோல் என்ஜினுக்கும் ரெகுலேட்டரோடு கூடிய கருவியைப் பல்கலைக்கழகங்கள் சோதித்து, அங்கீகாரம் வாங்கித் தந்தால் என்ன? 5 கிலோ சிலிண்டர்கள் விற்பனையில் இருக்கத்தானே செய்கின்றன. கிராமத்து மெக்கானிக்குகளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால், அவர்கள் குருட்டாம்போக்கில் செய்வதை ஒழுங்காகச் செய்வார்கள். துறைக் கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

அன்று அண்ணனின் கிணற்றையும் போய்ப் பார்த்தேன். ஆயில் என்ஜின் கறுப்புப் புகை கக்கியது. காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே குளவி மண். பெல்ட் தளர்ந்து வழுக்கியது. குழாயில் தேவையில்லாத இரண்டு வளைவுகள். புட்வால்வு சின்னது, அதிலும் பாதி அடைப்பு. டீசல் போகிற வழி இவைதான், இவற்றுக்குக் காஸ் மருந்தல்ல என்று சொல்லி, வடிகட்டியை அப்போதே கழுவ வைத்துவிட்டு வந்தேன். வளைவுகளை எடுத்துவிட்டுப் பெரிய புட்வால்வு போடுவதாகச் சொன்னார். தம்பி சிலிண்டரை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாக மறு வாரம் போனில் சொன்னார். பொங்கலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகிறேன். முன்பு ஒரு மணி நேர இறைப்புக்கு எவ்வளவு டீசல் ஊற்றினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன், இப்போது எவ்வளவு ஆகிறதென்று கேட்டு எழுதுகிறேன்.