பூட்டைக் கொடுத்தவர் சாவியைக் கொடுக்க வேண்டாமா?

வங்கியில் லாக்கர் பொறுப்பில் பல வருஷம் இருந்தவன் நான். புதிதாக லாக்கர் எடுப்பவரிடம் சாவியைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் அனுப்புவோம். அந்த ஒழுங்கு கம்ப்யூட்டர் கடையில் இல்லையே என்பதுதான் என் கோபம்.

போன மாதம் லேப்டாப்பை, வாங்கிய கடையிலேயே சர்வீஸுக்குக் கொடுத்தேன். பயாஸை அப்டேட் செய்து தந்தார்கள். வீட்டில் வந்து திறந்தால் நீலத் திரை; 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. போன் போட்டால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்கிறார் கடைக்காரர், சர்வசாதாரணமாக. உள்ளே இருப்பது காலமான என் அம்மாவின் குரல். இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஃபார்மட்டா?

நடந்தது இதுதான். வட்டைத் திறக்கும் சாவி டிபிஎம் என்கிற சில்லின் காவலில் இருக்கிறது. பயாஸ் மாறினால் சில்லுக்குச் சந்தேகம் வந்து சாவியைத் தர மறுத்துவிடும். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்திருந்தால் இந்த வம்பே இல்லை. சர்வீஸ் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"பூட்டே வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்கிறார் நண்பர் ஒருவர். நான் ஒப்பமாட்டேன். ரயிலில் லேப்டாப் திருடு போனால் என் பென்ஷன் விவரத்தையும் ஆதார் நகலையும் காப்பது அந்தப் பூட்டுதான். குற்றம் பூட்டின் மேல் இல்லை, சாவி எங்கே என்று சொல்லாமல் விற்றவர் மேல். விண்டோஸ் 11 ஏற்றிய பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என் லேப்டாப்பில் இருந்ததோ, கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு கணக்கு! அவனும் வேலையை விட்டுப் போய்விட்டான்.

பில்லின் பின்பக்கம் அவன் கிறுக்கியிருந்த இமெயிலும் பாஸ்வேர்டும் கிடைத்ததால் பிழைத்தேன். திரையில் காட்டிய கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் இருந்ததோடு பொருந்தின. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. தட்டி முடித்ததும் திறந்தது. அந்த பில்லை எடைக்குப் போட்டிருந்தால்? லாக்கர் சாவி தொலைந்தால் சாட்சி வைத்து உடைத்துத் திறக்கலாம். இதை உடைத்துத் தர எந்தக் கடையிலும் ஆளில்லை.

இன்றைக்கே 'மேனேஜ் பிட்லாக்கர்' பகுதிக்குப் போய் சாவியை அச்செடுத்து பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைத்துவிடாதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது பில்லோடு சாவியையும் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்பவரிடம் வாங்காதீர்கள்.